'எந்த ஷிஃப்ட்?': இன்டர்வியூவுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு வார்த்தையை முழுசா தெரிஞ்சுக்கோங்க!

விக்கிரமசிங்கபுரத்துல யாரும் ஊர்ப்பேரை முழுசா சொல்றதில்லை. வி.கே.புரம்தான். பாபநாசம் மலையடிவாரத்தில், தாமிரபரணி சமவெளிக்கு இறங்குற இடத்துல இருக்கிற மில் ஊர் அது. அங்கே ஏ, பி, சி, டி படிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சிடுற இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு உண்டு. "ஏல, ஒங்கப்பா எங்க?"ன்னு கேட்டா, "ஃபர்ஸ்ட் சிப்டு"ன்னு பதில் வரும். அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. அப்பா எப்போ கிளம்பியிருப்பார், எப்போ வருவார், வீட்டுல எப்போ சத்தம் போடக் கூடாதுன்னு எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் அடங்கிடும்.

அதே பிள்ளை வளர்ந்து டிகிரி முடிச்சு, சென்னை கம்பெனி ஒண்ணோட ஆன்லைன் இன்டர்வியூவுல உட்காருது. எதிர்ல ஹெச்.ஆர் கேட்கிறாங்க: "ஆர் யூ கம்ஃபர்டபிள் வித் ரொட்டேஷனல் ஷிஃப்ட்ஸ்?" பதில் ரெடியா இருக்கு. "யெஸ் மேம்!" தெரிஞ்ச வார்த்தைதானே, இதுல யோசிக்க என்ன இருக்கு?

நிறையவே இருக்கு. சின்ன வயசுல இருந்து காதுல விழுந்த வார்த்தைங்கிறதாலேயே அதோட அர்த்தத்தை நாம கேட்காம விட்டுடறோம். வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வாரம் ராத்திரி 2 மணிக்கு கேப்ல உட்கார்ந்து யோசிக்கிறதைவிட, இப்பவே பார்த்துடுவோம்.

முதல்ல 'பங்கு', அப்புறம்தான் 'மாற்றம்'

டிக்‌ஷனரி ஆப்ல ஷிஃப்ட்னு தட்டினா 'இடமாற்று, நகர்த்து'ன்னு வரும். தப்பில்லை. ஆனா, பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் 'பங்கிடு, பிரித்து ஒழுங்குபடுத்து' என்பதுதான். மாற்றுவது, நகர்த்துவது எல்லாம் அதிலிருந்து பின்னாடி கிளைச்சது. ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வேலைக்கு வர்றதையும், அந்த வேலை நேரத்தையும் ஷிஃப்ட்னு சொல்றது அதுக்கும் அப்புறம்.

இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? 'பணிச்சுற்று', 'சுழற்சி முறைப் பணி'ன்னு அரசு அறிவிப்புகளில் எழுதுறாங்க. ஆனா, தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வார்த்தை ஏற்கெனவே இருக்கு: முறை.

வி.கே.புரம் பக்கத்துல இருக்கிற கோடைமேலழகியான், தாமிரபரணி அணைக்கட்டுகள் எட்டில் முதலாவது. அதுக்குக் கீழே நதியுண்ணி, கன்னடியன் எனத் தொடங்கி கடைசியா ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வரிசையா இருக்கு. ஆத்துல தண்ணி நிறைய ஓடுற காலத்துல பிரச்னை இல்லை. குறையும்போது 'முறைப்பாசனம்' வைப்பாங்க. இத்தனை நாள் இந்தக் கால்வாய், இத்தனை நாள் அந்தக் கால்வாய். வயலுக்கு வயல் இத்தனை மணி நேரம். "இன்னிக்கு ராத்திரி எங்க முறை"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் டார்ச் லைட்டோட வாய்க்கால் கரையில விழிச்சிருக்கப் போறார்னு அர்த்தம். பூசை பண்ற குடும்பங்களுக்குக் கோயில்லயும் முறை உண்டு.

ஒரே தண்ணியைப் பல பேர் நேரம் பிரிச்சு எடுத்துக்கிறது முறை. ஒரே மெஷினைப் பல பேர் நேரம் பிரிச்சு ஓட்டறது ஷிஃப்ட். பழைய ஆங்கில அர்த்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்குமான்னு தெரியலை. ஒரே ஒரு சிக்கல், நம்ம ஊர்ல முறைன்னா மாமன் மகள் வரைக்கும் போயிடும்!

இந்த 'பங்கு' அர்த்தத்தை மனசுல வெச்சுக்கோங்க. பங்குன்னு வந்துட்டா மூணு கேள்வி தானா வரும். யார் யாருக்குள்ள பங்கு? எவ்வளவு? எப்போ மாறும்? ஆஃபர் லெட்டர்ல ஷிஃப்ட்னு பார்த்தா கேட்கவேண்டியதும் இதேதான்.

மில்லு கொண்டுவந்த வார்த்தை

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 1880-களில் இங்கே நூற்பாலை ஆரம்பிச்சாங்க. பாபநாசத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம், மலையில் இருந்து விழுற தாமிரபரணித் தண்ணியோட விசை. அந்த விசையில்தான் மெஷின்கள் ஓடின. பின்னாளில் மதுரா மில்ஸ், 1970-களில் மதுரா கோட்ஸ் எனப் பேர் மாறுச்சு. (இந்த 'கோட்ஸ்' நாம போடுற கோட் இல்லை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்ல தையல் நூல் தயாரிச்ச குடும்பத்தோட பேர்.)

பருத்தி, பஞ்சு, நூல் எல்லாத்துக்கும் தமிழ்ல வார்த்தை இருந்தது. ஆனா, ராத்திரியிலயும் நிக்காத மெஷினுக்கு ஏத்த வேலை நேரம்ங்கிறது புதுசு. மெஷினுக்குப் போட்ட காசு அது ஓடினாத்தான் திரும்பி வரும். மெஷின் தூங்காது, மனுஷன் தூங்கணும். அதனால ஆளை மாத்தினாங்க. அந்த ஏற்பாட்டோட சேர்ந்து வந்த வார்த்தையை நம்ம ஆளுங்க அப்படியே வாங்கி 'சிப்டு' ஆக்கிக்கிட்டாங்க. மில் சைரன் மட்டும் தமிழ்ப் பேரை வாங்கிக்கிச்சு: சங்கு.

அதோட நிக்கலை. தமிழ்நாட்டு மில் ஊர்களில் 'அரை நைட்', 'முழு நைட்'னு ரெண்டு சொல் புழங்குது. சாயங்காலம் தொடங்கி நடுராத்திரியை ஒட்டி முடியறது அரை நைட். அங்கிருந்து விடியற வரைக்கும் முழு நைட். எவ்வளவு கச்சிதமான வார்த்தைகள்! ஆனா, இதை அப்படியே இங்கிலீஷாக்கி இன்டர்வியூவுல "ஐ கேன் டூ ஹாஃப் நைட்"னு சொல்லிடாதீங்க. ராத்திரி வேலையில் பாதிதான் பார்ப்பேன்னு சொல்ற மாதிரி அவங்களுக்குக் கேட்கும். அரை நைட்டுக்கு 'ஈவ்னிங் ஷிஃப்ட்' அல்லது 'செகண்ட் ஷிஃப்ட்', முழு நைட்டுக்கு 'நைட் ஷிஃப்ட்'. அவ்வளவுதான்.

ஆஃபர் லெட்டர்ல வர்ற ஷிஃப்ட்கள்

ஜெனரல் ஷிஃப்ட்: காலையில போய் சாயங்காலம் வர்ற வேலை. இது பெரும்பாலும் நம்ம நாட்டு இங்கிலீஷ். அமெரிக்க கிளையன்ட்கிட்ட சொன்னா புரியாமப் போகலாம். 'டே ஷிஃப்ட்'னு சொல்லுங்க.

ரொட்டேஷனல் ஷிஃப்ட்: சுத்திச் சுத்தி வரும். இதுல முக்கியம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாறும், எந்தத் திசையில் மாறும் என்பது. காலை, மாலை, இரவுன்னு முன்னோக்கி நகர்ந்தா உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். இரவு, மாலை, காலைன்னு பின்னோக்கி வந்தா கஷ்டம் அதிகம். நேரம் கழிச்சுத் தூங்கறது நமக்கு ஈஸி, சீக்கிரம் தூங்கறதுதான் கஷ்டம். பரீட்சை முடிஞ்ச லீவுல இதை நீங்களே பார்த்திருப்பீங்க.

ஃபிக்ஸட் நைட் ஷிஃப்ட்: மாறவே மாறாத ராத்திரி வேலை. 'யு.எஸ் ஷிஃப்ட்'னு விளம்பரத்துல பார்த்தா அநேகமா இதுதான். இதுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. அமெரிக்காவில் வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துவாங்க. நியூயார்க்ல காலை 9 மணின்னா, கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறுக்கு அப்புறம் 7.30. மார்ச் ரெண்டாவது ஞாயிறு வந்தா மறுபடி 6.30. கடைசி பஸ்ஸை நம்பி இருக்கிறவங்களுக்கு இந்த ஒரு மணி நேரம் சாதாரண விஷயம் இல்லை. 'யு.கே ஷிஃப்ட்'டும் இப்படித்தான். அங்கே காலை 9 மணின்னா நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30.

ஸ்ப்ளிட் ஷிஃப்ட்: ஹோட்டல் வேலையில் அதிகம். காலையில கொஞ்ச நேரம், நடுவுல பெரிய இடைவெளி, சாயங்காலம் மறுபடி. மொத்தம் 8 மணி நேரம்னு பேப்பர்ல இருக்கும். நடுவுல கிடைக்கிற நேரத்துல வீட்டுக்குப் போயிட்டு வர முடியாதுன்னா, நாள் முழுக்க வேலைதான். டெலிவரி ஆப்களில் இதையே 'ஸ்லாட்'னு வேற பேர்ல பார்க்கலாம்.

கிரேவ்யார்ட் ஷிஃப்ட்: நடுராத்திரி ஷிஃப்ட்டுக்கு அமெரிக்கர்கள் வெச்ச பேர். உயிரோட புதைச்சவங்க மணி அடிப்பாங்களான்னு சுடுகாட்டுல ஆள் காவல் இருந்த கதையை வாட்ஸ்அப்ல படிச்சிருப்பீங்க. சுவாரஸ்யமான கதை, ஆனா ஆதாரம் கிடையாது. அந்த நேரத்து நிசப்தம்தான் காரணமா இருக்கணும்.

அப்புறம் ஷிஃப்ட் அலவன்ஸ். இது பெரும்பாலும் ராத்திரி வேலை பார்க்கிற வரைக்கும் மட்டும் வர்ற காசு. பகலுக்கு மாத்தினா நின்னுடும். இதையும் சேர்த்து வர்ற சம்பளத்தை நம்பி பைக் இ.எம்.ஐ போட்டுடாதீங்க.

நைட் ஷிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-ல், இரவுப் பணியை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்கிற இரண்டாம் நிலைப் பட்டியலில் வெச்சது. 2019-ல் மறுபடி பரிசீலிச்சும் அதே இடத்துலதான் வெச்சாங்க. ஒரு வருஷம் பார்த்தா ஏதோ ஆயிடும்னு அர்த்தம் இல்லை. ஆனா, "சின்ன வயசுதானே, சமாளிச்சுக்கலாம்"னு சொல்றவங்க பேச்சை அப்படியே ஏத்துக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை நைட்டுன்னா எந்த நைட்டு?

இதுல ஏமாறாதவங்க குறைவு. ரோஸ்டர்ல 'மண்டே, 12 ஏ.எம்'னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கப் போற நேரமா, திங்கட்கிழமை ராத்திரியா? கடிகாரக் கணக்குப்படி, ஞாயிறு முடிஞ்சு திங்கள் பிறக்கிற நொடிதான் மண்டே 12 ஏ.எம். ஆனா நம்ம பேச்சு வழக்குல, விடியற வரைக்கும் அது ஞாயித்துக்கிழமை ராத்திரிதான்.

வேடிக்கை என்னன்னா, சட்டமும் நம்ம பேச்சு வழக்கு மாதிரியே யோசிச்சிருக்கு. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-வது பிரிவு, நள்ளிரவைத் தாண்டிப் போகிற ஷிஃப்ட்டில் 12 மணிக்கு அப்புறம் பார்த்த வேலையை முந்தின நாள் கணக்கில்தான் சேர்க்கணும்னு சொன்னது. அவருக்கு வார லீவு என்பதும் காலண்டர் தேதி கிடையாது. ஷிஃப்ட் முடிஞ்ச நேரத்தில் இருந்து தொடர்ச்சியா 24 மணி நேரம். அதாவது, ஞாயிறு காலை 6 மணிக்கு நைட் முடிச்சு வந்து மதியம் வரைக்கும் தூங்கிட்டு, அன்னிக்கு ராத்திரியே மறுபடி கிளம்பினா அதுக்குப் பேர் லீவு இல்லை.

அதே சட்டம் ஷிஃப்ட் என்ற சொல்லையே வரையறுத்தது. ஒரே வகை வேலையை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் அணிகள் நாளின் வெவ்வேறு நேரங்களில் செய்தால், அந்த நேரம் ஒவ்வொன்றும் ஷிஃப்ட். அணிக்குப் பேர் வேற, 'ரிலே'. ரிலே ரேஸ்ல பேட்டன் கைமாறுதே, அதே ரிலே. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல போனா ஓவர்டைமுக்கு ரெட்டிப்புச் சம்பளம் என்பதும் அதில் வந்ததுதான். ஐ.டி ஆபீஸ் ஃபேக்டரி கிடையாது. அதுக்குக் கடைகள், நிறுவனங்களுக்கான தனிச் சட்டம். அதனால இதையெல்லாம் அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொரு தகவல். மாலை 7 முதல் காலை 6 வரை பெண்களை ஃபேக்டரியில் வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு இருந்த பிரிவை, 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு அறிவிச்சது. சும்மா திறந்துவிடலை, பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளோட. ஆகவே, "கேப் வசதி உண்டா, வாசல் வரைக்கும் வருமா?"ன்னு கேட்கிறது சலுகை கேட்கிறது இல்லை.

ஷிஃப்ட்டோட நீளமும் தானா அமைஞ்சது கிடையாது. 2023 ஏப்ரல்ல, தினசரி வேலை நேரத்தை 12 மணி நேரம் வரைக்கும் நீட்டிக்க வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறுச்சு. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்னிக்கே அது திரும்பப் பெறப்படும்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார்.

'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'வுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை

தங்கச்சி நிச்சயதார்த்தம். கூட வேலை பார்க்கிற அண்ணன்கிட்ட, "அண்ணே, நாளைக்கு என் ஷிஃப்ட்டைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு சொல்றீங்க. தமிழ்ல இது போதும். இங்கிலீஷ் மெசேஜ்ல போதாது. 'ஸ்வாப் ஷிஃப்ட்ஸ்'னா நான் உன்னோடதைப் பார்க்கிறேன், நீ என்னோடதைப் பாரு, மாத்து. 'கவர் மை ஷிஃப்ட்'னா என்னோடதை நீ பாரு, அவ்வளவுதான், உதவி. ஸ்வாப்னு நினைச்சு அவர் ஒப்புக்கிட்டு, நீங்க கவர்னு நினைச்சிருந்தா நட்பு காலி.

"ஐ ஆம் இன் செகண்ட் ஷிஃப்ட்"னு நாம சொல்றது புரியும். வெளிநாட்டுக்காரங்க "ஐ ஆம் ஆன் செகண்ட் ஷிஃப்ட்"னு சொல்வாங்க. அடுத்த ஆள் வரலைன்னா நம்ம மில்லுல "ரிலீவர் வரலை, டபுள் பார்க்கணும்". அவங்க பேச்சுல, 'மை ரிலீஃப் ஹேஸ்ன்ட் கம்', அப்புறம் 'டபுள் ஷிஃப்ட்'.

உச்சரிப்பு? 'சிப்டு'ன்னு சொன்னா தப்பா யாரும் நினைக்க மாட்டாங்க. ஆனா, நடுவுல இருக்கிற 'ஃப்'பை மட்டும் முழுங்கிடாதீங்க. முழுங்கினா மிஞ்சுற வார்த்தையை மேனேஜர் முன்னாடி சொல்ல முடியாது.

வேலைக்கு வெளியே இந்த வார்த்தை எங்கெல்லாம் இருக்குன்னும் பார்த்துடுங்க. "வீடு ஷிஃப்ட் பண்றோம்"ங்கிறது இந்தியா முழுக்கச் செல்லுபடியாகும். வெளிநாட்டு நண்பர்கிட்ட 'மூவிங்'னு சொல்லுங்க. ஷாப்பிங் ஆப்ல வர்ற 'ஷிஃப்ட் டிரெஸ்', இடுப்புல பிடிக்காம நேரா விழுற உடை. முன்னாடி ஐரோப்பாவில் பெண்கள் மாத்தி மாத்தி உடுத்தின உள்ளுடைக்கு ஷிஃப்ட்னு பேர் இருந்தது. நம்ம 'மாத்துத் துணி' மாதிரியேதான்.

கீபோர்டுல இருக்கிற ஷிஃப்ட், டைப்ரைட்டர் காலத்து மிச்சம். 1878-ல் வந்த ரெமிங்டன் நம்பர் 2-லதான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டையும் அடிக்க முடிஞ்சது. அந்தக் கட்டையை அழுத்தினா உள்ளே ஒரு பாகம் நிஜமாவே நகரும். இன்னிக்கு உங்க போன்ல அது மேல் நோக்கின அம்புக்குறியா சுருங்கிடுச்சு. ஐபோன்ல 2016-ல் வந்த 'நைட் ஷிஃப்ட்' ஆப்ஷன், ராத்திரியில் திரையின் நீல வெளிச்சத்தைக் குறைச்சு நிறத்தை மஞ்சள் பக்கம் நகர்த்தும். ஒருத்தரை 'ஷிஃப்டி'ன்னு சொன்னா மட்டும் உஷார். நம்பிக்கைக்கு உரியவர் இல்லைன்னு அர்த்தம்.

இனி அந்த இன்டர்வியூ கேள்விக்கு வருவோம். "யெஸ் மேம்" சொல்லுங்க, தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்க: "ஹவ் ஆஃபன் டஸ் தி ஷிஃப்ட் ரொட்டேட், அண்ட் ஹவ் மெனி ஹவர்ஸ் ஆஃப் டூ வீ கெட் பிட்வீன் டூ ஷிஃப்ட்ஸ்?" எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறும், ஒரு ஷிஃப்ட் முடிஞ்சு அடுத்ததுக்கு நடுவுல எத்தனை மணி நேரம் ஓய்வு. பதில் வாய்மொழியா வந்தா, அன்னிக்குச் சாயங்காலமே நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டு, அதுல அந்தப் பதிலையும் ஒரு வரி எழுதிடுங்க.